அரங்கில் அமரும் இடம்

வானொலி நாடகம் கேட்பவருக்கு இருக்கைக் கவலை இல்லை. 'சானா' என்று நேயர்கள் அன்புடன் அழைத்த சண்முகநாதன் இலங்கை வானொலியில் நாடகங்களைத் தயாரித்தளித்த நாட்களில், 'லண்டன் கந்தையா'வின் குரல் கொழும்பு மாளிகையிலும் கற்பிட்டிக் கரையின் ஓலைக் குடிலிலும் ஒரே அளவாகவே ஒலித்தது. வானொலிப் பெட்டிக்கு முன்னே முதல் வரிசை, கடைசி வரிசை என்ற பேதம் இல்லை. தூண் மறைப்பதில்லை, முன்னால் இருப்பவரின் கொண்டை மறைப்பதில்லை. மேடை நாடகமோ அவ்வாறன்று. ஒரே இரவில், ஒரே கூரையின் கீழ், அறுநூறு பேர் ஒரு நாடகத்தைப் பார்ப்பார்களாயின் அங்கே அறுநூறு வேறு நாடகங்கள் நிகழ்கின்றன என்றே சொல்லவேண்டும். ஒருவருக்கு நடிகனின் கண்ணீர் தெரிகிறது. மற்றொருவருக்கு அவன் தோள் மட்டும் தெரிகிறது. இன்னொருவருக்கு அவன் மேடையில் நிற்பதே தெரிவதில்லை. இத்தனைக்கும் இம்மூவரும் சில வேளைகளில் ஒரே விலை கொடுத்தவர்களாக இருப்பர். விலை குறித்தும் இடம் குறித்தும் எவ்வாறு முன்கூட்டியே அறிந்துகொள்வது என்பது நகரத்தாரைக் காட்டிலும் தொலைவூரார்க்கே பெரிதும் வேண்டப்படுவது.

புத்தளம் மாவட்டத்தில், கற்பிட்டிக் குடாநாட்டின் மேற்குக் கரையில் அமைந்த நுரைச்சோலையை எடுத்துக்கொள்வோம். பெயரில் நுரையும் சோலையும் இருந்தாலும், இவ்வூரை இன்று பலரும் அறிந்திருப்பது அனல்மின் நிலையத்தால். 2011 ஆம் ஆண்டில் முதற் பகுதியும் 2014 ஆம் ஆண்டில் முழுமையும் இயங்கத் தொடங்கிய அந்நிலையம் 900 மெகாவாற்று ஆற்றலுடையது. கொழும்பு மேடையில் ஒரு நடிகையின் முகத்தில் விழும் ஒளியில் ஒரு பங்கு இக்கரையிலிருந்து புறப்பட்டதாகவே இருக்கக்கூடும். ஆனால், ஒளி போகும் விரைவில் ஊரார் போக இயலாது. பாலாவிச் சந்திக்கு வந்து, சிலாபமும் நீர்கொழும்பும் கடந்து கொழும்பை அடைவதற்கு 130 கிலோமீற்றருக்கு மேற் பயணம் செய்ய வேண்டும். பேருந்தில் போக அரைநாள். திரும்பி வர ஓர் இரவு.

இந்த மணற்பாங்கான நிலத்திற் கிணற்று நீர் இறைத்து வெங்காயமும் மிளகாயும் பயிரிடும் குடும்பம் ஒன்றின் மகள், உயர்தர வகுப்பில் 'நாடகமும் அரங்கியலும்' என்னும் பாடத்தைக் கற்கிறாள் எனக் கொள்க. வட்டக்களரி எத்தகையது, படச்சட்ட மேடை எத்தகையது என்று அவள் படம் வரைந்து எழுதுவாள். மேடையின் எப்பகுதியில் நின்று பேசினால் எத்தகைய அழுத்தம் பிறக்கும் என்பதும் அவளுக்குப் பாடம். ஆயின், ஒளியமைப்பும் திரையும் உடைய ஒரு முழு அரங்கினுள் அவள் இதுவரை காலடி வைத்ததில்லை. தேர்வுக்கு முன் ஒருமுறையாவது அவளைக் கொழும்புக்கு அழைத்துச் சென்று ஒரு நல்ல நாடகம் காட்டிவிட வேண்டும் என்று தந்தை நினைக்கிறார். அந்த 'ஒருமுறை'தான் இங்கே கவனிக்கத்தக்கது. வெள்ளவத்தையில் வசிப்பவர் மோசமான இடத்தில் அமர்ந்துவிட்டால் அடுத்த வாரம் வேறிடம் பார்த்துக்கொள்வார். நுரைச்சோலையார்க்கு அடுத்த வாரம் கிடையாது.

கணக்கையும் சற்றுப் பார்க்கலாம். மூன்று தரத்துச் சீட்டுகள் 3000, 2000, 1000 ரூபா என்றும், தாய், தந்தை, மகள் ஆகிய மூவரின் பயணத்துக்கும் உணவுக்கும் 6000 ரூபா ஆகும் என்றும் வைத்துக்கொண்டால், கடைசித் தரத்துச் சீட்டெடுத்தால் மொத்தச் செலவு 9000. நடுத்தரம் எடுத்தால் 12000. முதல்தரம் எடுத்தால் 15000. அருகில் வசிப்பவருக்குக் கடைசித் தரத்திலிருந்து நடுத்தரத்துக்கு ஏறுவது செலவை இரட்டிப்பாக்குவது. தொலைவூரார்க்கோ அது மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு கூடுவது மாத்திரமே. 9000 ரூபா செலவழித்து நாடகத்தின் பாதியைப் பார்த்து வருவதினும், 12000 செலவழித்து முழுமையையும் பார்த்து வருவது சிக்கனம் என்பது வெளிப்படை. அதற்காக விலை கூடியதெல்லாம் நல்ல இடம் என்று எண்ணிவிடலாகாது. 15000 கொடுத்து முதல் வரிசையில் அமர்ந்து, கழுத்தை அண்ணாந்து, நடிகரின் முழங்காலுக்குமேல் மட்டும் கண்டு திரும்பியவர்களும் உளர்.

இடந் தேர்தல் இக்கரையோரத்தாருக்குப் புதிய வித்தையன்று. கற்பிட்டி தொடங்கிச் சிலாபம் வரை கத்தோலிக்க ஊர்களில் நாட்டுக்கூத்து ஆடப்பட்ட இரவுகளிலும், தெற்கே உடப்பில் திரௌபதை அம்மன் கோயிலின் பதினெட்டு நாள் விழாக் காலத்திலும், பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேரத்தோடு போய் இடம் பிடித்தவர்கள் எத்தனையோ காரியங்களை ஒரே பார்வையில் எடைபோட்டார்கள். அண்ணாவியாரும் மத்தளமும் எப்பக்கம்? விளக்கு எங்கே? ஆட்டக்காரர் எந்த வழியாக வருவார்கள்? காற்று எப்பக்கமிருந்து அடிக்கிறது?

காற்றைப் பற்றிய கேள்வி இப்பகுதிக்குச் சிறப்பாக உரியது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து வீசும் காற்று, கரையோரத்தார் கச்சான் என்றும் சோளகம் என்றும் வழங்கும் காற்று, இங்கே வெறுங்காற்றன்று. மாம்புரியில் அது பெரிய விசிறிகளைச் சுழற்றி மின்சாரம் ஆக்குகிறது. காற்று செல்லும் திசையில் ஒலி தரையை நோக்கி வளைந்து இறங்குகிறது. எதிர்த்திசையிலோ மேல்நோக்கி வளைந்து, அமர்ந்திருப்பவரின் தலைக்குமேலே போய்விடுகிறது. ஆதலின் திறந்தவெளியில் மேடைக்கு வடகிழக்கே அமர்ந்தவர் நூறு பாகம் தள்ளியிருந்தும் பாட்டைக் கேட்பார். தென்மேற்கே இருந்தவர் அதிற் பாதித் தூரத்திலும் காதைக் கூர்மையாக்க வேண்டும். இதைப் பௌதிகப் புத்தகத்திற் படித்து யாரும் பாய் விரிக்கவில்லை. முந்திய ஆண்டு அவ்விடத்தில் அமர்ந்திருந்தவர்கள் சொன்னார்கள், பிந்தியவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பார்வையாளர் விமரிசனம் என்று இந்நாளிற் பெரிதாகப் பேசப்படுவது, மூலத்தில் இவ்வளவுதான்.

வட்டக்களரியில் விலை பேதம் இல்லை என்பதோடு, ஆட்டக்காரரும் நாற்புறமும் திரும்பித் திரும்பி ஆடுவர். பின்புறம் என்று ஒரு புறமே இல்லை. படச்சட்ட மேடை வந்தபோதுதான் சிக்கலும் உடன் வந்தது. மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்த பெட்டி அது. அப்பெட்டிக்கு நேரெதிரே இருப்பவர் முழுமை பெறுவர். ஓரத்தார் ஒரு பக்கத்தை இழப்பர். சிங்கள நாடகத்தின் வரலாற்றிலும் இம்மாற்றத்தைக் காணலாம். இம்மேற்குக் கரையோரத்திற் பரவிய நாடகம என்னும் கூத்துவகை தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தோடு நெருங்கிய உறவுடையது. மேடையைச் சிங்களத்திற் 'கரலிய' என்று சொல்லக் கேட்கும் தமிழருக்குக் களரி என்ற சொல் நினைவுக்கு வராமற் போகாது. அந்நாடகமவை ஆராய்ந்த பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர 1956 ஆம் ஆண்டு நவம்பர் 3 ஆம் நாள் தம் 'மனமே' நாடகத்தை அரங்கேற்றியது கொழும்பு லயனல் வென்ட் அரங்கின் படச்சட்ட மேடையில். 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தைப் பேராதனையிற் செம்மைப்படுத்தி, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றியபோதும் இதே பிரச்சினை எழுந்தது. விடியும்வரை வட்டத்தில் ஆடியதை ஒரு பக்கம் பார்த்து, ஓரிரு மணி நேரத்தில் ஆடிமுடிக்க வேண்டும். ஆட்டக்காரர் திரும்பும் திசை மாறிற்று. பார்ப்பவர் அமரும் இடமும் மதிப்பு மாறிற்று.

சினிமாவுக்குப் போய்ப் பழகியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வதுண்டு. இலங்கைப் படமாளிகைகளில் திரைக்கு மிக அண்மையிலுள்ள 'கலரி' மலிவானது; பின்னால் உயரத்திலுள்ள 'பல்கனி' விலை கூடியது. தமிழ்நாட்டுக் கொட்டகைகளிலும் திரையருகே மணற்றரையே ஏழைகளின் இடமாக இருந்தது. நாடகத்திலோ பெரும்பாலும் கணக்குத் தலைகீழ்: முன்வரிசை கூடிய விலை, மேல்மாடம் குறைந்த விலை. படத்தில் முகம் இருபதடி உயரத்துக்குப் பெரிதாக்கப்படுகிறது. ஆகவே தள்ளி அமர்வது சுகம். மேடையில் முகம் இயற்கை அளவினது. தள்ளிப் போகப்போக அது கடுகாகும். பல்கனியே உயர்ந்தது என்ற பழக்கத்தால் மேல்மாடத்துச் சீட்டு மலிவாகக் கிடைத்தது பெரும் பாக்கியம் என்று மகிழ்ந்தவர், திரை விலகியதும் ஏமாறுவார். அதேவேளை, சில நிகழ்ச்சிகளுக்கு அம்மலிவு மேல்மாடமே உண்மையில் மேலானது. அதன் காரணம் பின்னர் வரும்.

பார்ப்பவர் வசதியை எண்ணி அரங்கமைத்தல் பழைய சிந்தனை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடரங்குக்கு ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் வகுத்ததோடு நில்லாது, தூண்களின் நிழல் இடையே விழாதவாறு விளக்கை நிறுத்த வேண்டும் என்பதையும் கருத்திற் கொண்டது. பரதரின் நாட்டிய சாத்திரமோ 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்ட நடுத்தர மண்டபத்தையே மனிதருக்குச் சிறந்ததெனக் கூறி, மிகப் பெரிதானாற் குரல் தெளிவு குன்றும், முகபாவம் தெரியாமற் போகும் என்று காரணமும் காட்டிற்று. பெரிய மண்டபம் கட்டிவிட்டு ஒலிபெருக்கியை நம்பும் இக்காலத்தார் இதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம்.

இடத்தின் விலை பற்றிய மயக்கமும் பழையதே. 1599 இல் இலண்டனிற் கட்டப்பட்ட குளோப் அரங்கில், முற்றத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி. கூரையின் கீழ் அமர இன்னொரு பென்னி. மெத்தையும் வேண்டுமாயின் மூன்றாவது பென்னி. பிரபுக்களோ இவை எல்லாவற்றினும் கூடிய விலை கொடுத்து மேடைக்குமேற் பின்புறத்திலுள்ள மாடத்தில் அமர்ந்தனர். அங்கிருந்து நடிகரின் முதுகும் உச்சியுமே பெரும்பாலும் தெரிந்திருக்கும். ஆனால் சபை முழுவதும் பிரபுவைப் பார்க்கலாம்! பார்ப்பதற்குரிய இடம் வேறு, பார்க்கப்படுவதற்குரிய இடம் வேறு. நம்மவர் மண்டபங்களிலும் மாலையிடப்பெறும் பிரமுகர்களுக்காகப் போடப்படும் முதல் வரிசைச் சோபாக்கள் இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

கிரேக்க நாட்டு எப்பிடோரஸ் அரங்கைப் பற்றிய செய்தி ஒன்று இவ்விடத்துக்கு மிகப் பொருந்தும். கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லரங்கின் நடுவில் ஒரு நாணயத்தைப் போட்டால் ஆயிரக்கணக்கான இருக்கைகளுக்கு அப்பாலுள்ள கடைசிப் படியிலும் ஓசை தெளிவாகக் கேட்கும் என்று வழிகாட்டிகள் சொல்லிவந்தனர். 2017 இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் பல்கலைக்கழக ஆய்வாளர் நூற்றுக்கணக்கான இடங்களில் ஒலியை அளந்து பார்த்தனர். நாணயம் விழும் ஓசை இன்னதென்று அடையாளங் காணக்கூடியதாக இருந்தது ஏறத்தாழப் பாதி வழி வரைதான். இரகசியக் குரல் முன்படியினருக்கே விளங்கிற்று. குரலை உயர்த்திப் பேசியபோது மட்டும் கடைசிப் படியாருக்கும் சொல் கேட்டது. அரங்கின் பெருமை இதனாற் குறைந்துவிடவில்லை. ஒவ்வோர் இருக்கையிலும் இருந்து அளந்தவன் சொல்லுக்கும், மேடை நடுவில் நின்று விளம்பரம் செய்பவன் சொல்லுக்கும் உள்ள தூரமே இங்கு அறியத்தக்கது.

இனி, ஓர் இருக்கை எவற்றாற் சிறக்கிறது என்று பார்க்கலாம். முதலாவது தூரம். 20 மீற்றருக்கும் 25 மீற்றருக்கும் இடையில் மனித முகத்தின் நுண்குறிப்புகள் மங்கத் தொடங்குகின்றன. வரிசைக்கு வரிசை ஏறத்தாழ 90 சென்றிமீற்றர் இடைவெளி எனின், இருபதாம் வரிசையை அண்டியவர் இவ்வெல்லைக்கு வந்துவிடுகிறார். அதற்கப்பால் அமர்ந்தவர் நடிகனின் உடலசைவையும் குரலையும் கொண்டே உணர்ச்சியை ஊகிக்கிறார். சுமார் அறுநூறு பேர் கொள்ளும் லயனல் வென்ட் போன்ற அரங்கில் இவ்வெல்லைக்கு வெளியே இருப்போர் குறைவு. 2011 இல் திறக்கப்பட்ட, 1288 இருக்கைகளையுடைய தாமரைத் தடாக அரங்கில் கூடுதல். ஆதலின் 'பதினைந்தாம் வரிசை' என்பது எல்லா மண்டபத்திலும் ஒன்றன்று.

இரண்டாவது சரிவு. மனிதரின் கண்ணுக்கும் உச்சந்தலைக்கும் இடையே ஏறத்தாழ 12 சென்றிமீற்றர் உண்டு. பின்வரிசையாரின் பார்வைக்கோடு முன்வரிசையாரின் தலைக்குமேலே செல்லவேண்டுமாயின் தரை அதற்கேற்ப உயர்ந்துகொண்டே போகவேண்டும். பாடசாலை மண்டபங்களிலும் கலியாண மண்டபங்களிலும் தரை தட்டை. நாற்காலிகள் ஒன்றன்பின் ஒன்றாக நேர்கோட்டில். அத்தகைய மண்டபத்தில் எட்டாம் வரிசைக்குப் பின் விலை கொடுத்து வாங்குவது முன்னிருப்பவரின் தலையைப் பார்ப்பதற்கே. அங்கே மூன்று முதல் ஐந்து வரையான வரிசைகளின் நடுப்பகுதியோ, அன்றேல் நடைபாதை ஓரமோ நலம். நடைபாதை ஓரத்தில் முன்னால் தலை இருப்பினும் ஒரு பக்கம் சாய்ந்து பார்க்க வெளி உண்டு.

மூன்றாவது செவி. மேல்மாடத்தின் அடியிலே ஆழமாக அமைந்த பின்வரிசைகளிற் குரல் மந்தமாகும். மண்டபத்தின் மேற்பகுதியிற் பட்டுத் திரும்பும் ஒலி அங்கு வந்து சேர்வதில்லை. மேடைக் காட்சியின் மேற்பகுதியும் மாடத்தின் விளிம்பால் வெட்டுண்ணும். பக்கச் சுவரருகே ஒலிபெருக்கிப் பெட்டியை ஒட்டி அமர்ந்தவருக்கோ வேறு சங்கடம்: நடிகன் வலப்பக்கம் நிற்பான், அவன் குரல் இடப்பக்கப் பெட்டியிலிருந்து வரும். நாடகத்தில் ஒருமுறை உண்டான மயக்கம் அப்பெட்டியாற் பலமுறை கலையும்.

நான்காவது, எத்தகைய நிகழ்ச்சி என்பது. பலர் இதை எண்ணுவதே இல்லை. வீட்டுக்கூடம் ஒன்றில் நான்கு பேர் பேசிக்கொள்ளும் நாடகத்துக்கு முகமே உயிர். ஆதலின் கீழ்த்தளத்தில் ஐந்து முதற் பன்னிரண்டு வரையான வரிசைகள் சிறந்தவை. ஆனால் 'இராவணேசன்' போன்ற கூத்து வழி நாடகத்திலும் பரத நாட்டிய நாடகத்திலும் ஆட்டக்காரர் தரையிலே வகுக்கும் கோலமும் காலின் தாளமும் முக்கியமானவை. முதல் மூன்று வரிசையார்க்கு மேடை விளிம்பு பாதங்களை மறைத்துவிடும். கோலம் ஒரே கோடாகச் சுருங்கிவிடும். மேல்மாடத்தின் முதல் வரிசையில் அமர்ந்தவரோ வட்டம் வட்டமாகவும் பிறை பிறையாகவும் விரிவதைக் காண்பார். குறைந்த விலைக்கு அங்கே கிடைப்பது பிரமுகரின் சோபாவிற் கிடையாது. அரங்கியல் படிக்கும் அம்மாணவிக்கு, மேடையின் முழு அமைப்பையும் ஒரே நோக்கில் காட்டும் அவ்விடமே பாடம் புகட்டும்.

இவற்றையெல்லாம் வீட்டிலிருந்தபடி அறிவது எப்படி? சீட்டு விற்பவர் தரும் இருக்கைப்படம் ஒரு மேல்நோக்குப் படம். அதிற் சதுரங்கள் எல்லாம் சமம். தூண், கைப்பிடிக் கம்பி, தரையின் சரிவு எதுவும் அதில் இல்லை. ஆகவே அவ்விருக்கையில் அமர்ந்தவர் எடுத்த புகைப்படமும் அவர் சொன்ன சொல்லுமே துணை. இந்நாளில் நாடகம் தொடங்குமுன் கைத்தொலைபேசியால் மேடையைப் படம் எடுத்து உறவினருக்கு அனுப்பாதார் அரியர். இலண்டனிலும் நியூயோர்க்கிலும் இப்படங்களை இருக்கை எண் வாரியாகத் தொகுத்து வைத்திருக்கிறார்கள். தூண் மறைக்கும் இருக்கைகளை அவ்வாறே அறிவித்துக் குறைந்த விலைக்கு விற்கும் வழக்கமும் இலண்டனில் உண்டு. இங்கே அத்தகைய ஒழுங்கான தொகுப்பு இல்லாவிடினும், கொழும்பிலுள்ள ஓர் உறவினரையோ, முந்திய ஆண்டு பிள்ளைகளை அழைத்துச் சென்ற ஆசிரியரையோ கேட்டால் ஓரிரண்டு படம் அகப்படும்.

ஆயின் படத்தைப் படிக்கவும் பழக வேண்டும். கைத்தொலைபேசியின் வழக்கமான வில்லை அகன்ற பார்வையுடையது; கண்ணுக்குத் தோன்றும் அளவில் ஏறத்தாழப் பாதியாகவே மேடையைக் காட்டும். அதைக் கண்டு, "ஐயோ, இவ்வளவு தொலைவா?" என்று அஞ்சி விலை கூடிய சீட்டை எடுத்தவர்கள் வீணே செலவழித்தவர்கள். இருமடங்கு பெருக்கி எடுத்த படமே கண்ணின் அளவுக்கு அண்மையானது. மறுபுறம், பத்து மடங்கு பெருக்கி எடுத்துவிட்டு, "எவ்வளவு அண்மை!" என்று பெருமை பேசுவோரும் இருக்கிறார்கள். இவ்விரண்டையும் பிரித்தறிய ஒரு வழி உண்டு. படத்தில் முன்வரிசையாரின் தலைகள் தெரிகின்றனவா, அவற்றின் அளவென்ன என்று பார்க்க வேண்டும். தலையே தெரியாத படத்தை நம்புவதற்கில்லை. அது எழுந்து நின்றோ, கையை உயர்த்தியோ, வெறும் மண்டபத்திலோ எடுத்ததாக இருக்கும்.

மேடையின் முன்விளிம்புக்கு அப்பால் தரை தெரிகிறதா என்பது அடுத்துக் கவனிக்கத்தக்கது. தரை தெரிந்தால் ஆட்டம் தெரியும். இரு பக்கத் திரைகளில் எது கூடுதலாகத் தெரிகிறது என்று நோக்கினால் எப்பக்கம் எவ்வளவு வெட்டுப்படும் என்பது புலப்படும். குறுக்கே ஓடும் கம்பி மேடையின் எந்த உயரத்தை வெட்டுகிறது என்பதும் முக்கியம். நிற்பவரின் இடுப்பை வெட்டினால் பொறுக்கலாம், அமர்ந்திருப்பவரின் முகத்தை வெட்டினால் ஆகாது. எடுத்தவரின் உயரத்தையும் கேட்டறிதல் நன்று. ஆறடி மனிதருக்கு மறைக்காத கம்பி, ஐந்தடிக்குக் குறைந்த பிள்ளைக்கு மேடையையே மறைத்துவிடும். நாடகம் நடக்கும்போது படம் எடுத்தல் பெரும்பாலான அரங்குகளில் தடை செய்யப்பட்டது. தடை இல்லாவிடினும் அருகிருப்பவர்க்கு இடைஞ்சல். எனவே கிடைப்பவை திரை மூடிய படங்களே. அவை போதும்.

படம் கண்ணுக்கு மட்டுமே சாட்சி. செவிக்கும் முழங்காலுக்கும் சொற்சாட்சி வேண்டும். இங்கேதான் விமரிசனத்தை எடைபோடுதல் தேவையாகிறது. "அருமையாக இருந்தது" என்பது நாடகத்தைப் பற்றிய சொல்லா, இருக்கையைப் பற்றிய சொல்லா என்று தெரியாது, அதனாற் பயனில்லை. "மூன்றாம் காட்சியில் வலப்பக்க வாசலில் நடந்தது எதுவும் தெரியவில்லை" என்ற ஒரு வரி பத்துப் புகழுரைக்குச் சமம். குறைகளிலும் தற்செயலானவை, நிலையானவை என இருவகை உண்டு. முன்னால் இருந்தவர் உயரமானவர், பக்கத்துக் குழந்தை அழுதது என்பன அன்றைய விபத்துகள். மறுநாள் அவை இரா. தூண், கம்பி, குளிரூட்டி இரைச்சல், காலை நீட்ட இடமின்மை என்பன கட்டடத்தோடு பிறந்தவை. ஒரே குறையை வெவ்வேறு நாளில் வந்த இருவர் மூவர் சொல்வார்களாயின் அது கட்டடத்தின் குறை என்றே கொள்ளலாம்.

சொல்பவரின் மனநிலையையும் கருத வேண்டும். கூடிய விலை கொடுத்தவர் தாம் ஏமாந்ததை எளிதில் ஒப்புக்கொள்ளமாட்டார். தம் இடம் உயர்ந்தது என்று தமக்கே சொல்லிக்கொள்வார். மலிவாக வாங்கியவர், தாம் கெட்டிக்காரர் என்பதைக் காட்ட இடத்தின் குறையை விழுங்கிவிடுவார். இலவசச் சீட்டில் வந்தவர் பேச்சில் விலையே இராது. இம்மூவரிலும் நம்பத்தக்கவர், இரண்டு வெவ்வேறு இடங்களில் அமர்ந்து பார்த்து, "அங்கே இது தெரிந்தது, இங்கே இது தெரியவில்லை" என்று ஒப்பிட்டுச் சொல்பவரே. அத்தகையவர் ஒருவர் அகப்பட்டால் வேறு விசாரணை வேண்டியதில்லை. இசைக்கச்சேரிக்குப் போனவரின் சான்றை நாடகத்துக்கு அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது என்பதும் நினைவிலிருக்க வேண்டும். கச்சேரியிற் பாடகர் ஓரிடத்தில் அமர்ந்திருப்பார். நாடகத்தில் நடிகர் மூலைக்கு மூலை போவார்.

விலைத்தரங்களின் எல்லையைக் கூர்ந்து பார்த்தால் நல்ல ஆதாயம் ஒன்று கிடைக்கும். 3000 ரூபாத் தரம் பத்தாம் வரிசையில் முடிந்து, 2000 ரூபாத் தரம் பதினோராம் வரிசையில் தொடங்குமாயின், அவ்விரு வரிசைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ இரண்டு முழம். விலை வேறுபாடோ ஆயிரம் ரூபா. ஆகவே, குறைந்த தரத்தின் முதல் வரிசை நடுவைத் தேடுதல் வேண்டும். அவை முதலில் விற்றுப்போகும் என்பதால் முந்திக்கொள்வதும் வேண்டும். சில மண்டபங்களில் மேல்மாடத்துக்கு எண்ணிடாத சீட்டு விற்பதுண்டு. முந்தி வந்தவர் முன்வரிசை பெறுவர். பேருந்தில் வருபவர் இவ்வகைச் சீட்டெடுப்பதாயின் மாலைப் பேருந்தை நம்பாது காலைப் பேருந்தில் ஏறிவிட வேண்டும். சிலாபத்திலும் நீர்கொழும்பிலும் தெரு நெரிசலுக்கு நாடக நேரம் தெரியாது.

ஊர் திரும்புதலும் இடத்தேர்வில் ஒரு கூறாகும். இரவுப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் வரிசையின் நடுவில் அகப்பட்டுக்கொண்டால், கடைசிக் காட்சியைப் பாராமல் எழுந்து பத்துப் பேரின் காலை மிதிக்க நேரும். அவர்களுடைய நாடகமும் கெடும். நடைபாதை ஓர இருக்கை சிறிதளவு காட்சியை இழக்கச் செய்யினும் முடிவுவரை நிம்மதியாக இருக்க இடங் கொடுக்கும். தாயின் முழங்கால் நோவுக்கும் அதுவே மருந்து. மாடிப்படி எத்தனை, கைப்பிடி உண்டா என்பதையும் முன்பே போனவரிடம் கேட்டுக்கொள்ளலாம். இருக்கைப்படத்தில் அது இராது.

அவ்வாறு விசாரித்து, அக்குடும்பம் நடுத்தரத்தின் முதல் வரிசையில் நடைபாதை ஓரமாக மூன்று இடங்களை எடுத்துக்கொண்டது எனக் கொள்வோம். மகள் நடைபாதைப் பக்கம் அமர்வாளாயின் முன்தலை மறைக்காது. திரை விலகுமுன் அவள் தன் கண்ணுயரத்திலேயே கையை வைத்து, ஒருமுறை இயல்பாகவும் ஒருமுறை இருமடங்கு பெருக்கியும் படம் எடுத்துக்கொள்ளட்டும். நாடகம் முடிந்து பேருந்து வத்தளையைத் தாண்டுவதற்குள், தூக்கம் வருமுன், ஒரு தாளில் இவற்றைக் குறித்துவைத்தாற் போதும்: மண்டபம், வரிசை, எண், விலை, தன் உயரம், என்ன நாடகம், ஒலிவாங்கி இருந்ததா, எது தெரியவில்லை, எது கேட்கவில்லை, எத்தனை மணிக்கு முடிந்தது, அதன்பின் எந்தப் பேருந்து அகப்பட்டது. அடுத்த ஆண்டு அதே பாடத்தை எடுக்கும் பிள்ளைகள் நுரைச்சோலையிலும் மாம்புரியிலும் கற்பிட்டியிலும் இருப்பார்கள். அந்தத் தாளை வகுப்பறைச் சுவரில் ஒட்டிவைக்க ஓர் ஆணியும் ஒரு துண்டுக் கயிறும் வேண்டும்.